அடுத்தது வரட்டும்

என் அக்கா புருஷன் ஒரு தீர்க்கதரிசியாம். அவர் பெற்ற மகன் சொல்லிக்கொண்டு திரிகிறான். குரும்பகரத்தில் அக்காவின் வயலில், சூரிய வெளிச்சத்தில் ஓடும் மோட்டார் ஒன்றை அவன் போட்டான். அதற்கு ஒரு விழாவும் வைத்தான். விழாவில் கொடுப்பதற்கு அப்பாவைப் பற்றி ஒரு சின்ன மலர் அச்சடிக்கப் போவதாகச் சொல்லி, முன்கூட்டியே என்னிடம் வந்தான்.

"சின்னம்மா, பெட்ரோல் இல்லாம கார் ஓடும், வெயில்ல மோட்டார் ஓடும்னு அந்தக் காலத்துலயே சொன்ன மனுஷன். நீங்க கூடவே இருந்து பாத்தவங்க. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

சொன்னார்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. எழுபதுகளில், எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கரண்டு இல்லாதபோதே சொன்னார். சொல்லிச் சொல்லியே என் அக்காவின் தோளை ஒடித்தார். நடந்ததை எல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். பையன் மலர் போடும் எண்ணத்தையே விட்டுவிட்டான். ஆனாலும் கேட்டுவிட்டான் அல்லவா, எழுதிவிடுகிறேன்.

அவரை நான் அத்தான் என்று கூப்பிட்டேன். பெயரை எழுத மனம் வரவில்லை.

ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை, கக்கத்தில் மடித்த செய்தித்தாள். ஊருக்குள் எந்த வண்டி புதிதாக வந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். மூடியைத் திறக்கச் சொல்வார். உள்ளே எட்டிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார்.

"இது போச்சு. அடுத்தது வரட்டும்."

வண்டி வாங்கியவன் முகம் செத்துப்போகும். அன்று காலையில்தான் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு ஓட்டி வந்திருப்பான். அந்த முகத்தைப் பார்ப்பதில் அத்தானுக்கு ஒரு சுகம் இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அவராகவே கட்டிய பழமொழி ஒன்றும் உண்டு. "அவசரக்காரன் இருக்குறதை வாங்குவான், அறிவாளி வரப்போறதை வாங்குவான்." அவர் இரண்டையும் வாங்கவில்லை. ஒரு சைக்கிள்கூட வாங்கவில்லை. மிதிக்கிற காலம் முடிந்தது, எல்லோரும் மொபெட்டில் போகப்போகிறார்கள் என்றார். மொபெட் வந்தது. அது வெறும் சைக்கிளில் கட்டிய கொசு என்றார். ஸ்கூட்டர் வந்தது. இரண்டு சக்கரமே போகப்போகிறது என்றார். காரைக்காலுக்குப் போக வேண்டுமானால் எவனுடைய சைக்கிளையாவது இரவல் வாங்கிக்கொண்டு போவார். திருப்பிக் கொண்டுவந்து விடும்போது, "செயின் தேஞ்சுபோச்சு, பாத்துக்க" என்று புத்தி சொல்லிவிட்டு வருவார்.

வீட்டிலும் அதே கதைதான். அக்கா இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருப்பாள். இவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாவு ஆட்ட மிஷின் வருகிறது என்று பாடம் நடத்துவார். அந்த மிஷின் வந்து, ஊரில் நாலு வீட்டில் கடகடவென்று ஓடியது. இவர், "கல்லு சுத்துறது பழைய முறை, கல்லே இல்லாம அரைக்கிறது வருது" என்றார். சாண எரிவாயு அடுப்பு போட்டுத் தருகிறோம் என்று சர்க்கார் ஆபீசில் இருந்து ஒருவர் வந்தார். அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து இவர் கேட்ட கேள்வி, "இதுக்கு அப்புறம் என்ன சார் வருது?" வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். உள்ளே அக்கா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அவர் மகன் பாரீசில் இருந்து வரும்போது கார் படம் போட்ட புத்தகங்கள் கொண்டுவருவான். அவன் படித்துவிட்டுப் போட்டதை அத்தான் எடுத்து வந்துவிடுவார். பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்தே எல்லாம் சொல்வார். மேலும் கீழும் போய் வரும் பிஸ்டனே இல்லாமல், முக்கோணம் போல ஒன்று உள்ளேயே சுற்றும் எஞ்சின். மின்சாரத்தில் ஓடும் பஸ். வெயிலைக் குடித்துத் தண்ணீர் இறைக்கும் தகடு. டீக்கடையில் பத்துப் பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். காசு கொடுக்காமல் டீ கிடைக்கும்.

ஒரே ஒரு இடத்தில் அவர் வாய் அடைபட்டதைக் கேள்விப்பட்டேன். கிளிஞ்சல்மேட்டில் ஒருவர் படகின் பின்னால் மாட்டும் எஞ்சின் வாங்கியிருந்தார். இவர் அங்கேயும் போய், சத்தம் அதிகம், எண்ணெய் குடிக்கும், அடுத்தது வரட்டும் என்றிருக்கிறார். அந்த ஆள் கயிற்றைச் சுண்டி எஞ்சினைக் கிளப்பிக்கொண்டே, "அண்ணே, அடுத்த மாடல் வர்ற வரைக்கும் மீனு மணல்ல ஏறி உக்காந்து காத்துக்கிட்டு இருக்குமா?" என்றாராம். கரையே சிரித்திருக்கிறது. அத்தான் வீட்டுக்கு வந்து, "கடக்கரையில ஒருத்தனுக்கும் அறிவு கெடையாது" என்றார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அக்கா கல்யாணத்தில் எங்கள் அப்பா கொஞ்சம் நிலத்தை மஞ்சக்காணியாக எழுதிவைத்தார். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் நிலம். அந்த வீட்டில் சோறு வந்தது அந்த ஒரு வயலில் இருந்துதான். அத்தானுக்குச் சொந்தமாக இருந்தது வாய் மட்டும். எங்கள் பக்கம் கடைமடை. காவிரித் தண்ணீர் மேலே உள்ள ஊரெல்லாம் குடித்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு வரும். அதனால் அக்கா ஒரு நல்ல விளைச்சலின் நெல்லை விற்று, வயல் மூலையில் குழாய் இறக்கினாள். தண்ணீர் உப்பில்லாமல் வந்தது. ஆயில் எஞ்சின் வைப்பதற்கு நாங்கள் இருவரும் செங்கல் அடுக்கி, சிமெண்டு பூசி ஒரு மேடை கட்டினோம். எஞ்சின் வாங்கும் வரைக்கும் மண் விழாமல் இருக்க, குழாயின் வாயை ஒரு கொட்டாங்கச்சியால் மூடி வைத்தாள்.

வருஷா வருஷம் கொட்டாங்கச்சியை மாற்றிக்கொண்டே இருந்தாள். எஞ்சின் வரவில்லை. எஞ்சின் உட்கார வேண்டிய மேடையில் அத்தான் உட்கார்ந்தார். வேப்பமர நிழல் வேறு அதன் மேல் விழும். காலையில் போய் உட்கார்ந்தால் செய்தித்தாளில் விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஒரு முறை எஞ்சின் வாசல் வரை வந்த மாதிரி ஆனது. சொசைட்டியில் முறை வைத்துக் கடனுக்கு எஞ்சின் கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தது. அக்கா மாட்டுவண்டி பேசி அத்தானை அனுப்பினாள். மேடையைக் கழுவிக் கோலம் போட்டாள். மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு எலுமிச்சம்பழம் எல்லாம் தட்டில் எடுத்து வைத்தாள். நானும் என் வேலையைப் போட்டுவிட்டுப் போய் நின்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்தது. வண்டியில் அத்தான் மட்டும் உட்கார்ந்திருந்தார். கையில் படம் போட்ட ஒரு நோட்டீஸ்.

"எங்கங்க இஞ்சினு?" என்றாள் அக்கா.

"நம்ம முறைய அடுத்தவனுக்கு வுட்டுக் குடுத்துட்டேன். தொட்டியில தண்ணி ஊத்தி ஆத்துற இஞ்சின்தான் குடுக்குறானுவ. அதெல்லாம் போச்சு. காத்துலயே ஆறுறது வருதாம், பாரு படத்த. ஒரு ஆளு தூக்கிக்கிட்டு நடக்கலாம்."

"அது எப்ப வரும்?"

"வரும்டி. வராம எங்க போவுது? அந்தத் தட்டுல பழம் இருக்கே, அதப் புழிஞ்சு ஒரு டம்ளர் கொண்டா. வெயில்ல வந்தது நாக்கு வறண்டுபோச்சு."

அக்கா பிழிந்து கொடுத்தாள். நான் அங்கேயே கத்தினேன். "ஏன் அத்தான், ஒங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்றேன். "கொழுந்தியாவுக்குக் கோவத்தப் பாரு" என்று சிரித்தார். மீசையில் ஒட்டியிருந்த கொட்டையை விரலால் எடுத்துச் சுண்டினார். இன்றைக்கும் எலுமிச்சம்பழச் சாற்றை நான் தொடுவதில்லை.

பிறகு ஒரு வருஷம் ஆறும் பொய்த்தது, ஐப்பசி கார்த்திகை மழையும் பொய்த்தது. பயிர் பொதி கட்டி நின்றது. கதிர் வெளியே வர வேண்டிய நேரம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் நெல் இல்லை, பதர்தான். வாய்க்கால் பள்ளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. நானும் அக்காவும் இறைகூடை போட்டோம். எதிரெதிரே நின்று, கூடையில் கட்டிய கயிற்றை ஆளுக்கு இரண்டாகப் பிடித்து, குனிந்து மொண்டு, நிமிர்ந்து வீச வேண்டும். இடுப்பும் தோளும் விட்டுப்போகும். ஆண்கள் செய்கிற வேலை. ஆண் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வயல் மரைக்காயருடையது. அவரிடம் பழைய பச்சை நிற ஆயில் எஞ்சின் ஒன்று இருந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும், ஊருக்கே கேட்கும். அவர் வரப்பில் நின்று எங்களைப் பார்த்தார். பார்க்கப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, கூடையக் கீழ போடுங்க. எம் பயிருக்குப் பாஞ்சிருச்சு. இஞ்சின் சும்மாத்தான் நிக்கிது. குழாயத் திருப்பி வுட்டா இன்ஷா அல்லா பொழுது சாயிறதுக்குள்ள ஒங்க வயலும் நனைஞ்சிரும்."

அக்கா கயிற்றை விட்டாள். அத்தான் மேடையில் இருந்து எழுந்து வந்தார்.

"வேணாங்க மரைக்காரே. நாகப்பட்டினத்துலேருந்து ஏஜெண்டு வர்றாரு. புது இஞ்சின நம்ம வயல்லதான் ஓட்டிக் காட்டப் போறாரு. நாலு ஊருலேருந்து ஆளு வருது. வயலு காஞ்சு கெடந்தாத்தான் இஞ்சினோட வேகம் தெரியும்."

மரைக்காயர் அவரையே பார்த்தார். "பயிரு தாங்காதுங்களே" என்றார்.

"ரெண்டு நாளு. தாங்கும், தாங்கும்."

"தாங்காதுங்க" என்றாள் அக்கா. "கையெடுத்துக் கும்புடுறேன்."

"எனக்குத் தெரியாததாடி? மானத்த வாங்காத."

மரைக்காயர் அடுத்தவர் குடும்பத்தில் எப்படிப் பேசுவது என்று போய்விட்டார். அக்கா மறுபடி கயிற்றைப் பிடித்தாள். என்னையும் பிடிக்கச் சொன்னாள். அன்று மாலை, கூடையைத் தூக்கி வீசும்போது அவள் வலது தோளில் மளுக்கென்று ஒரு சத்தம். எதிரே நின்ற எனக்கே கேட்டது. கூடை தண்ணீரோடு என் பக்கம் விழுந்தது. அவள் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய் போட்டு உருவினார்கள், பத்துப் போட்டார்கள், மூங்கில் வைத்துக் கட்டினார்கள். அதோடு அந்தக் கை தோளுக்கு மேல் ஏறவில்லை. அவளுக்குத் தலை பின்னிவிட இரண்டு தெரு தாண்டி நான்தான் போவேன்.

இரண்டு நாளில் வருகிற ஏஜெண்டு வரவில்லை. அத்தான் தினமும் வெளுத்த வேட்டியோடு சாலையில் போய் நின்றார். பயிர் வெளுத்தது. பிறகு வைக்கோல் நிறத்துக்கு வந்தது. கையில் பிடித்து நெரித்தால் பொடியானது.

அதற்கப்புறம் ஏஜெண்டு வந்தார். பொய் சொல்லக் கூடாது, நல்ல எஞ்சின்தான். சின்னதாக, சிவப்பாக இருந்தது. இரண்டு பேர் சுலபமாக இறக்கினார்கள். அக்காவின் குழாயில் இருந்த கொட்டாங்கச்சியை அத்தான் தன் கையால் எடுத்து எறிந்தார். எங்கள் மேடையில் முதன்முதலாக ஒரு எஞ்சின் உட்கார்ந்தது. கயிற்றை இழுத்ததும் கிளம்பியது. தண்ணீர் யானை தும்பிக்கை மாதிரி வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் செத்த பயிர் நின்றது. வந்தவர்கள் கை தட்டினார்கள். அத்தான் தொண்டை கிழியக் கத்தினார்: "பாத்தீங்களா, மண்ணு எப்படிக் குடிக்கிது பாத்தீங்களா!"

அக்கா கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றாள்.

ஏஜெண்டு கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பறம் சார், ஒங்களுக்கு ஒன்னு எழுதிக்கலாங்களா?" என்று கேட்டார்.

அத்தான் எஞ்சினைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு அடுத்தது எப்ப வருது?"

அவர் வாயில் அன்றைக்கு என் செருப்பை வைத்து அடித்திருக்க வேண்டும். நான்கு ஊர் ஆட்கள் நின்றார்கள். ஏஜெண்டு எஞ்சினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காய்ந்த வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டோம். அன்று அத்தான், "நல்லவேள, அவசரப்பட்டு அன்னைக்கே ஒன்ன வாங்கல. வாங்கியிருந்தா இன்னைக்கு இதப் பாத்து வயிறு எரிஞ்சிருப்போம்" என்றார். அந்த வருஷம் அந்த வீட்டுக்கு அரிசி என் வீட்டில் இருந்து போனது. அவர் அதை உட்கார்ந்து தின்றார். மோர் புளித்திருக்கிறது என்றும் சொன்னார்.

எண்பதுகளில் ஒருநாள் காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. திண்டாடிப்போனோம். கார் வைத்திருந்தவர் வெளியூரில். பஸ் போய்விட்டது. மண்டபத்தூரில் இருந்து மீன் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, ஒரு பழைய டெம்போ திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா நடுச்சாலையில் நின்று மறித்தாள். பின்னால் ஐஸ் தண்ணீரும் செதிலும் ரத்தமும் கிடந்தன. எஞ்சின் இருமியது, கரும்புகை கக்கியது.

டிரைவர் தயங்கினான். "அய்யா, உள்ள நாத்தம் தாங்காதுங்க. வண்டியும் ரொம்பப் பழசு."

"பரவால்ல தம்பி," என்றார் அத்தான். "ஏத்து. சீக்கிரம் ஏத்துப்பா."

மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கவில்லை. மற்றவர்கள் தூக்குவதற்கு முன்னால் தானே காலை எடுத்து வைத்தார். வெளுத்த வேட்டியோடு செதிலில் சாய்ந்து படுத்துக்கொண்டு, "போ, போ" என்றார்.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பாத்தியாடி?" என்றாள். அவ்வளவுதான்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் மரைக்காயர் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே கேட்டாள். "அண்ணே, அந்தப் பழைய இஞ்சின எனக்குக் குடுத்துடுங்க." மரைக்காயர் தானே ஆள் வைத்துக் கொண்டுவந்து மேடையில் பூட்டிக் கொடுத்தார். யாரையும் கேட்கவில்லை அவள். கோலம் போடவில்லை, எலுமிச்சம்பழம் வாங்கவில்லை. கைப்பிடி சுற்ற அவள் தோள் இடம் கொடுக்காது. நான் சுற்றினேன்.

அத்தான் பிழைத்து வந்தார். தெருமுனையிலேயே அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். மெல்ல நடந்து வயலுக்கு வந்தார். உட்கார மேடை இல்லை. குழாயில் இருந்து தண்ணீர் கொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தக் குப்பையவா வாங்குன?" என்றார்.

"ஆமா" என்றாள் அக்கா.

அவர் குழாயடிக்குப் போய், அந்தத் தண்ணீரில் கால் கழுவினார். முகம் கழுவினார். இரண்டு கை அள்ளிக் குடித்தார். "தண்ணி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். சாகும்வரை அந்த வயல் சோற்றைத் தின்றுகொண்டு, அடுத்த எஞ்சினைப் பற்றிப் பேசினார்.

விழா அன்று வயலில் பந்தல் போட்டிருந்தார்கள். பழைய மேடையை இடித்துவிட்டுப் புது மேடை. தகடுகள் வெயிலில் பளபளவென்று நின்றன. வெள்ளம் வந்தால் நனையக்கூடாது என்று ஸ்விட்ச் பெட்டியை உயரத்தில் வைத்திருந்தார்கள். அதற்கு மேலே அத்தானின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தான் மகன். "அப்பாவோட கனவு, அம்மா கையால தொடங்கணும்" என்றான். எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அக்கா பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். இடது கையைத் தூக்கினாள்.

"அம்மா, நல்ல காரியம், எடது கையால வேணாம்" என்றான் மகன்.

அவள் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. அல்லது மறந்திருந்தான். இடது கையால் வலது முழங்கையைப் பிடித்தாள். விறைத்த மட்டையைத் தூக்குவது போல, பல்லைக் கடித்துக்கொண்டு, அதை மேலே தூக்கினாள். தோளுக்கு மேல் ஏறவில்லை. இன்னும் தள்ளினாள். விரல் பெட்டிக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது.

நான் போய்ப் பக்கத்தில் நின்று, அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். எழுபது தாண்டிய இரண்டு கிழவிகள். யாரோ சிரித்தார்கள். அவள் அமுக்கினாள். சத்தமே இல்லாமல் தண்ணீர் வந்தது.

கை தட்டினார்கள். கீழே இறக்கியதும் அவள் என் காதில் சொன்னாள்: "அந்த மனுஷன் இருந்திருந்தா இதையும் வேணாம்னுருப்பாருடி."